சும்மா விளையாட்டுக்குத்தானே, தோழர்!

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டா, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறியே." சேரியில் பிறந்து ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல. சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நாம் முறைத்தால் உடனே எடுத்துப் போர்த்திக்கொள்ளும் போர்வை அது. விளையாட்டு என்று சொல்லிவிட்டால் அப்புறம் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் நமக்குத்தான் ரசனை கிடையாது, நகைச்சுவை உணர்வு கிடையாது. செயற்கை நுண்ணறிவு எந்திரங்கள் வரைந்து தள்ளும் வேடிக்கைப் படங்களைப் பற்றித் தோழர்கள் சிலரோடு பேசும்போதும் இதே பதில்தான் வருகிறது: "விடுங்க தோழர், சும்மா விளையாட்டுக்குத்தானே." விளையாட்டுக்கு நான் எதிரி இல்லை. நம்ம பண்பாட்டில் பாதி பகடிதான். சாவு வீட்டிலேயே ஆடிப்பாடிக் கேலி பேசுகிற சனம் நாம். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது: ஆடுவது யார், ஆடப்படுவது யார்?

2025 மார்ச் 25ஆம் தேதி ஓப்பன் ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் புதிய படம் வரையும் வசதியைத் திறந்துவிட்டது. அடுத்த நாலைந்து நாளில் உலகமே ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ கார்ட்டூனாக மாறிப்போனது. கல்யாணப் படம், பிள்ளை படம், பூனை படம் எல்லாம் அதே பெரிய கண், அதே ரோஸ் கன்னம், அதே பச்சைப் புல்வெளி. நிறுவனத் தலைவர் ஆல்ட்மன் தன் முகப்புப் படத்தையே அப்படி மாற்றிக்கொண்டார். கூட்டம் தாங்காமல் எங்கள் கணினிச் சில்லுகள் உருகுகின்றன என்று சந்தோஷமாகச் சலித்துக்கொண்டார். நம்ம பசங்களும் சும்மா இல்லை. இயக்க மாநாட்டுப் படம், மறியல் படம், போலீஸ் வேனில் ஏறும் படம் எல்லாம் கிப்லி ஆயின. மறியலில் கையை முறுக்கும் போலீஸ்காரர்கூட அந்தப் படத்தில் அம்மாவுக்குக் காய் வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தார்!

இது வெறும் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அதே வாரம், மார்ச் 27 அன்று, அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகை தன் அதிகாரபூர்வப் பக்கத்தில் ஒரு கிப்லி பாணிப் படம் போட்டது. குடியேற்ற அதிகாரிகள் கைதுசெய்த ஒரு பெண் கைவிலங்கோடு அழுதுகொண்டு நிற்கிறார். பஞ்சுமிட்டாய் நிறத்தில் கண்ணீர். உண்மையான ஒரு பெண்ணின் உண்மையான அழுகையை எடுத்து, அரசாங்கமே வேடிக்கைப் படமாக்கிப் பத்துப் பேருக்குச் சிரிக்கக் கொடுத்தது. அந்தப் பாணிக்கு இதைச் செய்கிற வசதி இருக்கிறது. எதன்மேலும் போர்த்தலாம், போர்த்தியபின் விலங்கும் வளையல் மாதிரிதான் தெரியும்.

இந்தப் பாணிக்குச் சொந்தக்காரரான ஹயாவோ மியாசாகியின் ஒரு பேச்சை அப்போது எல்லாரும் பகிர்ந்தார்கள். எந்திரம் வரைவது உயிருக்கே அவமானம் என்று அவர் சொன்னதாக. முழுக் கதையையும் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. 2016இல் ஜப்பானிய என்.எச்.கே. தொலைக்காட்சியின் ஆவணப்படம் ஒன்றில் வருகிற காட்சி அது. கணினி இளைஞர்கள் சிலர், தானே கற்றுக்கொண்டு அசையும் ஓர் உருவத்தைக் காட்டுகிறார்கள். வலி தெரியாத உடம்பு, தலையையே காலாக ஊன்றி ஊர்கிறது. பேய் விளையாட்டுக்கு உதவும் என்கிறார்கள். மியாசாகி கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு மாற்றுத்திறனாளி நண்பரைப் பற்றிச் சொல்கிறார். கை விறைத்துப்போன அவருக்கு, எதிரே வருகிறவரின் கையோடு கை தட்டுவதே பெரும்பாடு. அவரை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியவில்லை, வலி என்றால் என்ன என்று யோசிக்காதவர்கள்தான் இதைச் செய்ய முடியும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் அன்று சண்டை போட்டது கணினியோடு இல்லை. ஒரு உடம்பின் கஷ்டத்தை அந்த உடம்புக்காரரை நினைக்காமல் வேடிக்கையாக்குவதோடு. நமக்கு இது நன்றாகவே புரியும்.

கிப்லி கிப்லி என்று துள்ளுகிறவர்களில் எத்தனை பேர் கிப்லி படம் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். 2001இல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' படத்தை நம் ஆட்கள் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். 2003இல் ஆஸ்கர் வாங்கிய படம். சிஹிரோ என்ற பத்து வயசுப் பெண் தெய்வங்கள் குளிக்கும் ஒரு குளியல் விடுதியில் கூலி வேலைக்கு மாட்டிக்கொள்கிறாள். அவளுக்குக் கொடுக்கிற வேலை, யாரும் தொடாத, அழுக்கேறிய பெரிய தொட்டியைக் கழுவுவது. அங்கே மலைபோல் சாக்கடை நாற்றத்தோடு ஒரு விருந்தாளி வருகிறது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தப் பெண் மட்டும் இடுப்பளவு சகதியில் இறங்கி, அதன் விலாவில் என்னவோ குத்திக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். கயிறு கட்டி எல்லாரும் இழுக்க, வெளியே வருவது ஒரு சைக்கிள். பின்னாலேயே ஒரு ஊரின் குப்பை மொத்தமும். நாறியது ஒரு நதி தெய்வம். நாற வைத்தது குப்பை போட்டவர்கள். பின்னர் ஒரு பேட்டியில் மியாசாகி, தான் ஆற்றைச் சுத்தம் செய்யப்போனபோது சைக்கிளை இழுத்த அனுபவம் அது என்று சொல்லியிருக்கிறார். நாற்றம் யாருடையது என்ற கேள்வியை இவ்வளவு எளிதாக, ஒரு குழந்தைப் படத்தில், வேடிக்கையாகவே கேட்டிருக்கிறார் அந்த ஆள். அந்தப் பெண்ணுக்கு முகம் இருக்கிறது, அருவருப்பு இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது.

இப்போது இன்னொரு துப்புரவுப் படத்துக்கு வாருங்கள். 2025 அக்டோபரில் 'எம்.ஐ.டி. டெக்னாலஜி ரெவ்யூ' இதழ் ஒரு சோதனையை வெளியிட்டது. அதே ஓப்பன் ஏஐ நிறுவனத்தின் சோரா என்ற எந்திரத்திடம் "தலித் வேலை" என்று எழுதிப் படம் கேட்டிருக்கிறார்கள். வந்தவை: கறுத்த தோல், கறைபடிந்த சட்டை, கையில் துடைப்பம், அல்லது பாதாளச் சாக்கடைக் குழிக்குள் நிற்கும் ஆண். "பிராமண வேலை" என்றால் வெளுத்த தோல், வெள்ளை வேட்டி, வேதம், பூசை. "தலித் வீடு" என்றால் ஓரறைக் கூரைக் குடிசை. "தலித் நடத்தை" என்று கேட்டபோது சில படங்களில் டால்மேஷியன் நாய் வந்தது, பூனை வந்தது. எழுத்து ஒற்றுமையால் வந்த குழப்பம் என்று சமாதானம் சொல்லலாம்தான். மனுவும் குழப்பத்தில்தான் எழுதினான் என்று சொல்லிவிட்டுப் போகலாம்!

எந்திரத்துக்குச் சாதி வெறி கிடையாது. அதற்கு அம்மா அப்பா கிடையாது, அகமணம் கிடையாது. அது செய்வது ஒன்றே ஒன்று: இணையத்தில் கிடக்கும் படங்களையும் அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விவரக் குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கிறது. 2022இல் வெளியான லேயன் 5பி என்ற தொகுப்பில் மட்டும் இப்படிப்பட்ட சோடிகள் 585 கோடி. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற எந்திரங்கள் அதன் பகுதிகளில் பயின்றவை. சோரா எதையெல்லாம் படித்தது என்று அதன் முதலாளிகள் முழுசாகச் சொல்லவில்லை. ஆனால் வித்தை ஒன்றுதான். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் படத்தில் இருப்பவர்.

அப்படியானால் "தலித்" என்ற சொல் எந்தப் படத்துக்குக் கீழே எழுதப்படுகிறது? ஒரு தலித் பெண் மருத்துவராகி ஆஸ்பத்திரியில் நின்றால் கீழே "மருத்துவர்" என்று எழுதுவார்கள், அல்லது "இந்தியப் பெண்" என்று எழுதுவார்கள். அவரே கொல்லப்பட்டால் "தலித் பெண்" ஆகிவிடுவார். சாக்கடையில் இறங்கினால் தலித், எரிக்கப்பட்ட குடிசை முன் நின்றால் தலித், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் தலித். பிள்ளையைத் தோளில் வைத்துத் திருவிழாவில் பலூன் வாங்கினால் பெயரில்லாத பொதுமனிதர். ஆதிக்கச் சாதிக்காரருக்கோ இந்தத் தொல்லையே இல்லை. அவர் வீட்டுச் சாப்பாடு "தென்னிந்தியச் சாப்பாடு", அவர் வீட்டுக் கல்யாணம் "தமிழ்க் கல்யாணம்". சாதியைச் சொல்லாமலேயே எல்லாப் படத்திலும் உட்கார்ந்திருக்கிறார். பொது என்பதே அவர்தான். எந்திரம் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிக்கவில்லை. நூறு வருசமாகப் பத்திரிகைக்காரர்கள் எழுதிவந்த படக்குறிப்பைச் சத்தம் போட்டுத் திரும்பப் படிக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் பேசியாக வேண்டும். அந்தப் படங்களில் ஒரு பங்கு நாமே எடுத்தவை. திவ்யபாரதி இயக்கி 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படம், அதற்கு ஒளிப்பதிவு செய்த பழனிக்குமார் பிறகும் விடாமல் எடுத்துவரும் தூய்மைப் பணியாளர் புகைப்படங்கள் ஆகியவை இல்லாவிட்டால், 1993லும் 2013லும் சட்டம் போட்டு ஒழித்துவிட்டோம் என்று சொன்ன அரசாங்கத்தின் பொய் அப்படியே நின்றிருக்கும். புண்ணைக் காட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. இன்றும் காட்டித்தான் ஆக வேண்டும். 'கக்கூஸ்' பார்க்கும்போது கேமராவை நேராகப் பார்த்துப் பேசும் அந்த அம்மாக்களின் கண்ணைத் தாங்க முடியாமல் நான் தலையைக் குனிந்திருக்கிறேன். அந்தப் பார்வைதான் சாட்சியம். எந்திரம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டது, குழியை எடுத்துக்கொண்டது, கறுப்பை எடுத்துக்கொண்டது, பார்வையை விட்டுவிட்டது. குற்றம் சாட்ட எடுத்த படத்திலிருந்து குற்றவாளியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது "தலித் வேலை"!

சரி, நம் சிரிப்புகளையும் சாதி எழுதி இணையத்தில் கொட்டுவோம், எந்திரம் திருந்தட்டும் என்று ஒரு மாணவத் தோழர் சொன்னார். நியாயமாகத்தான் தெரிகிறது. எனக்கு ஒப்பவில்லை. யாரோ ஒரு கம்பெனியின் எந்திரம் திருந்துவதற்காக என் தங்கச்சி படத்துக்குக் கீழே நான் ஏன் சாதி எழுத வேண்டும்? அந்தப் பட்டியலை நாளைக்கு வாடகைக்கு வீடு தேடும்போது யார் பார்ப்பான், வேலைக்கு மனுப் போடும்போது யார் பார்ப்பான்? எடுக்கிற படங்களை நம் பிள்ளைகளுக்காக எடுப்போம். எந்திரத்துக்குப் பாடம் நடத்தும் சம்பளமில்லாத வாத்தியார் வேலை நமக்கு வேண்டாம்.

வேடிக்கைப் படத்துக்கும் நமக்கும் உள்ள சண்டை எந்திரம் வருவதற்கு முன்பே நடந்த சண்டை. 1949 ஆகஸ்டில் சங்கர் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். அரசியலமைப்புச் சட்டம் என்ற நத்தைமேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார், சனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். தாமதம் என்ற கேலிக்கு அம்பேத்கர் அதே ஆண்டு நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே கணக்குச் சொன்னார்: விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட திருத்தங்கள் மட்டும் 2,473, சட்டப் பிரிவுகள் 395, இன்ன இன்ன நாடு இத்தனை காலம் எடுத்துக்கொண்டது. நத்தைக்கு அவர் கொடுத்த பதில் அது. பதிலை மறந்தார்கள், நத்தையை வைத்துக்கொண்டார்கள். அந்தப் படம் மத்திய அரசின் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் ஏறியது. 2012 மே மாதம் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றபோது, அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுப்பதாகச் சொன்னார். உடனே அறிவுஜீவிகள் எல்லாம் கருத்துச் சுதந்திரம் என்று எழுந்தார்கள். நேருவின் சாட்டை நத்தைக்குத்தான் ஓங்கியது, அம்பேத்கருக்கு அல்ல, படத்தை ஒழுங்காகப் பாருங்கள் என்று நமக்குப் பாடம் எடுத்தார்கள். பாடநூல் குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவரின் புனே அறையைச் சிலர் உடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சாட்டையை முதுகில் பார்த்த பரம்பரையும் சாட்டையைக் கையில் பார்த்த பரம்பரையும் ஒரே படத்தை ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்பது என்ன அழகியல்? உன்னமதி சியாம சுந்தர் 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த அம்பேத்கர் கேலிச்சித்திரங்களை நூற்றுக்கு மேல் தேடிச் சேர்த்து 2019இல் நூலாக்கினார். வரிசையாகப் பார்த்தால்தான் விசயம் புரிகிறது. காந்தி பெரிசு, நேரு பெரிசு, அம்பேத்கர் எத்தனை தடவை சின்ன உருவம்! ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் விளையாட்டு. நூறைச் சேர்த்துப் பார்த்தால் ஏற்பாடு. சேர்த்துப் பார்த்த அவரும் ஒரு கேலிச்சித்திரக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் வரைவதை விட்டுவிடவில்லை.

அதற்காக அம்பேத்கரோடு யாரும் விளையாடவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்க காலனிப் பையன்கள் அவர் படத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, கீழே சினிமா வசனம் போட்டு அனுப்புகிறார்கள். பெரிசுகளுக்குக் கோபம். எனக்கு இல்லை. பெரியப்பாவோடு விளையாடுகிற விளையாட்டு அது. அவர் மடியில் ஏறி உட்கார்ந்தவனுக்குத்தான் அவர் கண்ணாடியைக் கழற்றத் தோன்றும்.

எனக்குக் கோபம் வருவது வேறு படங்களைப் பார்த்து. எந்திரத்திடம் கேட்டு வாங்கி நம் ஆட்களே பகிரும் அம்பேத்கர்கள். சிங்கத்தின்மேல் அம்பேத்கர், கிரீடத்தோடு அம்பேத்கர், ஜிம்முக்குப் போன மார்போடு அம்பேத்கர். தோல் வெளுத்திருக்கிறது, தலைக்குப் பின்னால் சூரியன். நான் பார்த்த ஒன்றில் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. பெருமை வேண்டும் என்று கேட்டால் எந்திரத்துக்குத் தெரிந்த பெருமை சாமி காலண்டர்தான். கேட்டதை அங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான சனங்களோடு 22 உறுதிமொழி எடுத்த மனிதர் அவர். கடவுள் அவதாரம் எடுப்பார் என்பதை நம்பமாட்டேன் என்பது அவற்றில் ஒன்று. அவரையே பதினோராவது அவதாரமாக்கிக் கைபேசியில் அனுப்புகிறோம், கீழே ஜெய்பீம் என்று எழுதுகிறோம். அந்தக் கோட்டும் டையும் என்ன, அலங்காரமா? மேல்சட்டை போட்டதற்கும் செருப்பு மாட்டியதற்கும் அடி வாங்கிய சனத்தின் தலைவர் போட்ட கோட்டு. அதைக் கழற்றிக் கவசம் மாட்டினால் வரலாறும் சேர்ந்து கழன்றுபோகிறது. இதைச் செய்வது எதிரி இல்லை என்பதால் நாம் பேசாமல் இருக்கிறோம்.

"ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாத பையனுக்கும் தூரிகை கிடைச்சிருக்கே தோழர், அதைப் பறிக்கணுமா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் தள்ளவில்லை. கலையைப் பூட்டி வைத்திருந்தவர்கள் இன்று எந்திரத்தால் கலை செத்தது என்று ஒப்பாரி வைக்கும்போது எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புத்தான். ஆனால் அந்தப் பையன் தன் முகத்தை ஒரு செயலியில் போட்டு அழகாக்கச் சொன்னபோது வந்த படத்தை நான் பார்த்தேன். மூக்கு மெலிந்து, நிறம் இரண்டு படி ஏறி, யாரோ ஒருவன். "நல்லா இருக்குல்லண்ணே?" என்றான். தூரிகை அவன் கையில்தான் இருந்தது.

கணினியில் வரைவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. 'பேக்கரி பிரசாத்' என்ற குறும்பான பேரில் சித்தேஷ் கௌதமும், அம்பேத்கர் பேரிலேயே கலையைச் செருகி 'ஆர்ட்டெட்கர்' என்று ராஹி புண்யஸ்லோகாவும் கணினித் திரைக்காகத்தான் வரைகிறார்கள், இன்ஸ்டாகிராமில்தான் பகிர்கிறார்கள். இரண்டு பேரும் விளையாடுகிறார்கள், நம் நீலத்தை வைத்துக்கொண்டே. நம் சாதிக்கு வெளியேயிருந்து இன்னொரு உதாரணம்: 2011இல் வந்த 'பீமாயணா'. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியத் தம்பதி அம்பேத்கர் வாழ்க்கையை வரைந்தார்கள். காமிக்ஸ் என்றால் கட்டம் போட வேண்டும் என்று சொன்னபோது மறுத்துவிட்டார்கள். எங்கள் மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம், மூச்சுவிட இடம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமின் உடம்பே மீனாகிவிடுகிறது. நல்ல பேச்சு வருகிற குமிழ் பறவை வடிவம், சாதிவெறிப் பேச்சு வருகிற குமிழுக்குத் தேள் கொடுக்கு. மகாடு குளத்தில் அவர் பேசும்போது ஒலிபெருக்கி நீர் தெளிக்கிறது. விளையாட்டுத்தான். ஆனால் எந்தச் சொல் கொட்டும், எந்தச் சொல் கொட்டாது என்று தெரிந்த ஆளின் விளையாட்டு. எந்திரத்தின் சராசரியில் தேளும் பறவையும் ஒன்றுதான், இரண்டுமே அழகான குமிழ்.

சேரிச் சுவர்களில் நம் ஓவியர்கள் வரைந்த அம்பேத்கரை நினைத்துப் பாருங்கள். ஒரு ஊரில் எம்.ஜி.ஆர். கன்னம், ஒரு ஊரில் வரைந்தவரின் சித்தப்பா சாயல், ஒரு ஊரில் விரல் கொஞ்சம் நீளம். எங்க ஊர்ச் சுவரில் இருந்தவர் நல்ல கறுப்பு, அச்சு அசல் களத்துமேட்டில் நெல் தூற்றுகிற ஆள். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. சிலையைக் கூண்டுக்குள் பூட்டிவைத்த ஊர்களில் அந்தச் சுவர்ப்படம்தான் கம்பி இல்லாமல் நின்றது. பிளெக்ஸ் பேனர் வந்து அவர்கள் பிழைப்பில் முக்கால்வாசியைத் தின்றது. மிச்சத்தை எந்திரப் படம் தின்றுகொண்டிருக்கிறது. இதில் புலம்ப எனக்கு விருப்பமில்லை, கணக்குத்தான் பேச வேண்டும். போன ஏப்ரல் 14க்கு எங்கள் பகுதியில் அடித்த பேனருக்கு எந்திரம் வரைந்த சிங்கத்துக்குக் காசு இல்லை. பிளெக்சுக்கும் கம்புக்கும் கட்டுக்கூலிக்கும்தான் செலவு. ஒரே வாரத்தில் கிழிந்து ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையானது. பழைய சுவர் ஓவியர் ஒருவர் இப்போது பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறார். அடுத்த ஆண்டுக்குக் கேட்டுப்பார்த்தேன். பேனர் செலவில் பாதிக்கே வரைந்து தருகிறேன் என்கிறார். சுவருக்கு வெள்ளையடிக்கிற செலவை மட்டும் நாம ஏத்துக்கணுமாம்.